முப்பது வருஷம் போதுமா?

"முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை" என்று ஒரு பழமொழி உண்டு. ஊரில் பெரிய வீடு ஒன்று விலைக்கு வரும்போதும், கூலி வேலை செய்தவரின் மகன் சொந்தக் காரில் வந்து இறங்கும்போதும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். முப்பது வருஷம் என்பது ஏறக்குறைய ஒரு தலைமுறை. செல்வமும் வறுமையும் அதற்கு மேல் ஒரே வீட்டில் தங்குவதில்லை என்பது பழமொழியின் நம்பிக்கை. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளின் ஆய்வாளர்கள் வரிக் கணக்குகளையும் குடும்பக் கணக்கெடுப்புகளையும் வைத்து இந்த நம்பிக்கையைச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடை அவ்வளவு ஆறுதலானது அல்ல.

தொடக்கத்தில் பொருளியலாளர்களும் பழமொழியின் பக்கம்தான் நின்றார்கள். 1986-ல் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, முன்னோரின் வருமான உயர்வு தாழ்வு எல்லாம் மூன்று தலைமுறைக்குள் அனேகமாக அழிந்துவிடும் என்றது. அவர்கள் நம்பிய அளவு 0.2-ஐ ஒட்டியது. இந்த அளவை ஆய்வாளர்கள் 'தலைமுறை நெகிழ்ச்சி' என்பார்கள். எளிதாகச் சொன்னால், அப்பாவின் வருமானம் மற்றவர்களுடையதைவிட 10 சதவீதம் அதிகமாக இருந்தால் மகனுடையது சராசரியாக எத்தனை சதவீதம் அதிகமாக இருக்கும் என்பது. 0.2 என்றால் 2 சதவீதம். இது பூஜ்ஜியமாக இருந்தால் பிறந்த வீட்டுக்கும் பிற்காலச் சம்பாத்தியத்துக்கும் தொடர்பே இல்லை. 1 என்றால் அப்பா நின்ற இடத்தில்தான் மகனும் நிற்கிறான்.

இந்தச் சின்ன எண்ணுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைத் தலைமுறைகளை அடுக்கிப் பார்த்தால்தான் புரியும். கொள்ளுத்தாத்தா மற்றவர்களைவிட 100 பங்கு முன்னால் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். எண் 0.2 என்றால் அவர் மகன் 20 பங்கு முன்னால் இருப்பார், பேரன் 4, கொள்ளுப்பேரன் ஒன்றுக்கும் கீழே. பழமொழி பலித்துவிடும். எண் 0.5 ஆனால் 50, 25, 12. அதுவே 0.75 ஆனால் 75, 56, 42. நூறு வருஷம் கழித்துப் பிறந்த கொள்ளுப்பேரனிடம் பழைய அனுகூலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கிறது. பின்தங்கிய வீட்டுக்கும் கணக்கு இதேதான். ஆகவே 0.2-ஆ 0.5-ஆ என்று பொருளியலாளர்கள் சண்டை போடும்போது, ஒரு குடும்பம் எத்தனை தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

அந்த 0.2 எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய ஆய்வுகள் பெரும்பாலும் அப்பாவின் ஒரே ஒரு வருட வருமானத்தை எடுத்துக்கொண்டன. ஒரு வருட வருமானம் ஆளைச் சரியாகக் காட்டாது. 2020-ல் ஒரு கல்யாண மண்டப உரிமையாளரிடம் போய் இந்த வருஷம் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அந்தப் பதிலை நம்பினால் அவர் ஏழை. அவருடைய மகள் வசதியாக வாழ்வதைப் பார்த்து, ஏழை வீட்டுப் பிள்ளை முன்னேறிவிட்டதாகப் பதிவு செய்வோம். வயதும் இப்படித்தான் ஏமாற்றும். 25 வயதில் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கும் டாக்டர் வீட்டுப் பையனைவிட, அதே வயதில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் பையன் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். அந்த வருடத்துக் கணக்கில் இருவரும் இடம் மாறிவிட்டதாகத் தெரியும். பத்து வருஷம் கழித்துப் பாருங்கள்.

1992-ல் கேரி சோலன் என்ற பொருளியலாளர் இந்தக் குறையைச் சரிசெய்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து விசாரித்து வரும் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து அப்பாக்களின் பல வருட வருமானத்தைச் சராசரி எடுத்துப் பார்த்தார். எண் 0.4-க்கு ஏறியது. அதே ஆண்டில் டேவிட் சிம்மர்மன் வேறொரு தரவில் கிட்டத்தட்ட அதையே கண்டார். 2005-ல் பாஷ்கர் மஜும்தர் சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவேடுகளிலிருந்து இன்னும் நீண்ட காலத்துக்குச் சராசரி எடுத்தபோது 0.6 வந்தது. இந்த இடைவெளியில் அமெரிக்கா மாறிவிடவில்லை. பார்த்த ஜன்னல்தான் அகலமானது.

சரி, ஒரு மனிதரின் வருமானத்தை ஒரு வருடத்தில் பார்ப்பது பிழை என்றால், ஒரு வம்சத்தை இரண்டே தலைமுறையில் பார்ப்பதும் பிழைதானே? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஸ்வீடனின் மால்மோ நகரம் ஒரு புதையலாக இருந்தது. 1938-ல் அங்கே மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள் சுமார் 1,500 பேரை ஒரு கல்வி ஆய்வுக்காகப் பதிவு செய்திருந்தார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என நான்கு தலைமுறைத் தகவல்களை மிக்கேல் லிண்டாலும் சகாக்களும் இணைத்தார்கள். அப்பா மகன் தொடர்பை மட்டும் அளந்து, அதைத் தலைமுறைக்கு ஒருமுறை பெருக்கிக்கொண்டே போனால் வரும் கணிப்பைவிட, உண்மையில் கொள்ளுத்தாத்தாவின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. சமத்துவத்துக்குப் பேர்போன நாட்டிலேயே இந்த நிலை.

இன்னும் நீளமான நிழலை இத்தாலியின் புளோரன்ஸில் பார்க்கலாம். மிலனோடு நடந்த போரில் கஜானா காலியான அந்த நகர அரசு, 1427-ல் வீடு வீடாகச் சொத்துக் கணக்கு எடுத்து வரி போட்டது. அந்தப் பதிவேடு இன்றும் இருக்கிறது. குல்யெல்மோ பரோனே, சவுரோ மொசெத்தி என்ற இரு பொருளியலாளர்கள் அதிலுள்ள குடும்பப் பெயர்களை 2011-ன் வரித் தரவோடு ஒப்பிட்டார்கள். அன்று பணக்காரப் பட்டியலில் இருந்த பெயர்களைத் தாங்கியவர்கள், சுமார் 600 வருஷம் கழித்தும் சராசரியாக மேலே இருந்தார்கள். கிரெகரி கிளார்க் இதேபோல் இங்கிலாந்து, ஸ்வீடன் முதலிய நாடுகளின் குடும்பப் பெயர்களை வைத்து, உண்மையான எண் 0.7, 0.8 அளவில் இருக்கும் என்று வாதிட்டார்.

கிளார்க்கின் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். குடும்பப் பெயர் என்பது ஒரு ஆளின் அடையாளம் மட்டும் அல்ல. அதில் இனம், மதம், பிறந்த வட்டாரம், சமூகம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொண்ட காலத்தை நினைத்தால் இது உடனே விளங்கும். ஒரு பட்டப்பெயர்காரர்களின் சராசரி நிலை நூறு வருஷம் மாறாமல் இருந்தால், அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனதா, அந்தக் கூட்டம் முழுவதையும் சமூகம் ஒரே இடத்தில் வைத்திருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளார்க் இதில் பெரும் பங்கைப் பிறவிக்கூறுக்கு, அதாவது ரத்தத்தோடு வரும் மரபணுக்களுக்குக் கொடுக்கிறார். அதற்கான ஆதாரம் போதாது என்றே நினைக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், சொத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். வரலாறு இந்தச் சோதனையைச் சில முறை நடத்தியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தது. 1860-ல் நிறைய மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த தென்பகுதி வெள்ளையர் குடும்பங்கள், அதே அளவு செல்வம் இருந்த மற்றக் குடும்பங்களைவிட 1870-க்குள் மிகவும் தாழ்ந்துவிட்டன. ஆனால் 1900-க்குள் அவர்களுடைய மகன்கள் அனேகமாக மீண்டுவிட்டார்கள். 1940-ல் பேரன்களிடம் அந்த இழப்பின் சுவடே இல்லை. பிலிப் ஏகர், லியா புஸ்தான், காத்தரின் எரிக்சன் மூவரும் மக்கள்தொகைப் பதிவேடுகளைக் கோத்து இதைக் கண்டார்கள். பணம் போனாலும் அறிமுகங்களும் சம்பந்தமும் போகவில்லை. பெரிய வீடுகள் பெரிய வீடுகளிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன.

சீனாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. புரட்சியில் நிலம் பறிக்கப்பட்டது. கலாசாரப் புரட்சியில் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. நிலக்கிழார்களின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அனுகூலம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் இன்று மற்றவர்களைவிடச் சுமார் 16 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று அல்பெர்த்தோ அலெசினாவும் சகாக்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரு தலைமுறை முழுவதும் கணக்கில் மறைந்துபோன ஒன்று அடுத்த தலைமுறையில் எழுந்து வருகிறது. வீட்டுக்குள் பேசப்பட்டதும் பழக்கப்படுத்தப்பட்டதும்தான் அதைச் சுமந்து வந்தன என்பது அவர்கள் கருத்து.

இதுவரை படித்தவர்களுக்கு மனம் சோர்ந்திருக்கும். ஆனால் இதே ஆராய்ச்சிதான் வேறொரு கதவையும் திறந்தது. அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார்.

ராஜ் செட்டி டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர். பெற்றோரின் வேர் தமிழ்நாட்டில். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஒரு பிள்ளையைத்தான் மேல்படிப்புக்கு அனுப்ப முடிந்தது, தன் அப்பாவும் அம்மாவும் அவரவர் வீட்டில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அண்ணனைப் படிக்க வைக்கத் தம்பி வயலுக்குப் போன கதை நம்மில் பல வீடுகளில் உண்டு. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு வேறு உலகங்களில் வளர்வதைச் சிறு வயதிலேயே பார்த்த ஒருவர் இந்தத் துறைக்கு வந்தது இயல்புதான்.

2014-ல் அவரும் நாதனியல் ஹெண்ட்ரென், பேட்ரிக் கிளைன், எம்மானுவேல் சயெஸ் ஆகியோரும் 4 கோடி அமெரிக்கப் பிள்ளைகளின் வருமானத்தை அவர்களுடைய பெற்றோரின் வரிக் கணக்கோடு இணைத்து, ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள். வருமான வரிசையில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த பிள்ளை முதல் ஐந்தில் ஒரு பங்குக்குப் போகும் வாய்ப்பு, கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9 சதவீதம். வடக்கு கரோலினாவின் சார்லட்டில் 4.4 சதவீதம். இரண்டுமே வளமான ஊர்கள். வேலைக்குப் பஞ்சமில்லாத சார்லட்டில், அங்கேயே பிறந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த வேலைகள் எட்டவில்லை. வசதியானவர்களும் ஏழைகளும் தனித்தனியே ஒதுங்கி வாழும் ஊர்களில் இந்த வாய்ப்பு குறைவாக இருந்தது.

நல்ல ஊரில் நல்ல குடும்பங்கள் இருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று கேட்கலாம். சரியான சந்தேகம். இதற்கு விடை ஒரு பழைய திட்டத்தில் கிடந்தது. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த 4,604 ஏழைக் குடும்பங்களுக்கு இடையே குலுக்கல் நடத்தினார்கள். சீட்டு விழுந்தவர்களில் ஒரு பிரிவுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. குலுக்கல் என்பதால் யார் நல்ல குடும்பம், யார் முயற்சியுள்ளவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் பத்துப் பதினைந்து வருட முடிவுகள் ஏமாற்றம் தந்தன. குடிபெயர்ந்த பெரியவர்களின் மனநலமும் உடல்நலமும் மேம்பட்டன, ஆனால் வருமானம் உயரவில்லை. பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண்ணும் பெரிதாக ஏறவில்லை. வேலை வருமான விஷயத்தில் திட்டம் தோற்றது என்றே பலர் எழுதிவிட்டார்கள். 2016-ல் செட்டி, ஹெண்ட்ரென், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் மறுபடி பார்த்தார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருந்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் கூடுதல். பதின்ம வயதில் இடம் மாறியவர்களுக்கு அப்படி எந்தப் பயனும் இல்லை, சற்றுப் பாதகமாகவே இருந்தது.

பிறவிக்கூறுதான் எல்லாம் என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ரத்தம் அதே, பெற்றோர் அதே, மாறியது தெருவும் பள்ளியும் மட்டும். அப்புறம், இங்கும் அதே பிழை நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சீக்கிரம் பார்த்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சோலனுக்கு முன்பு நடந்ததும் இதுவே. குறுகிய ஜன்னல், செல்வம் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறைக்கிறது, அதை எப்படித் தளர்த்தலாம் என்பதையும் மறைக்கிறது.

பின்லாந்து இதை ஒரு நாடு முழுவதற்குமே செய்து பார்த்தது. 11 வயதிலேயே பிள்ளைகளை ஏட்டுப் படிப்புக்கும் மற்றதற்கும் பிரித்துவிடும் முறையை 1972 முதல் 1977 வரை மாகாணம் மாகாணமாக ஒழித்து, 16 வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்றாக்கினார்கள். அப்பா மகன் வருமானத் தொடர்பு 0.30-லிருந்து 0.23-க்கு இறங்கியது.

மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் உள்ள தூரம் அதிகமான நாடுகளில் தலைமுறைத் தொடர்பும் இறுக்கமாக இருக்கிறது. மைல்ஸ் கொராக் திரட்டிய எண்களை வைத்து 2012-ல் ஆலன் க்ரூகர் இந்தத் தொடர்பை ஒரு வரைபடமாகப் பிரபலப்படுத்தினார். டென்மார்க் 0.15, அமெரிக்கா 0.47. ஆனால் இதில் அவசர முடிவு வேண்டாம். ஜேம்ஸ் ஹெக்மனும் ராஸ்முஸ் லாண்டர்சோவும், டென்மார்க்கில் படிப்பு விஷயத்தில் பெற்றோரின் பிடி ஏறத்தாழ அமெரிக்கா அளவுக்கே இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே வருமானங்களுக்கு இடையிலான தூரம் குறைவு, வரியும் உதவித்தொகையும் மிச்சத்தைச் சமப்படுத்துகின்றன. அதனால்தான் எண் சிறிதாக வருகிறது.

வருமான ஏற்றத்தாழ்வு இந்தக் கதையில் எங்கே நேரடியாகக் கடிக்கிறது என்பதைச் செட்டி குழுவின் 2017 ஆய்வு தெளிவாக்குகிறது. 1940-ல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப்பேர்தான். வளர்ச்சி குறைந்ததாலா, வளர்ச்சி மேலேயே தேங்கியதாலா? இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். பழைய வேகத்தில் பொருளாதாரம் வளர்ந்து, பங்கீடு இன்றுபோலவே இருந்திருந்தால் அந்தப் பாதி 62 சதவீதம் ஆகியிருக்கும். வளர்ச்சி இன்றைய வேகத்திலேயே இருந்து, பங்கீடு மட்டும் பழையபடி பரவலாக இருந்திருந்தால் 80 சதவீதம். முதலில் நாடு வளரட்டும், மற்றது தானாக வரும் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே மேல்தட்டு வருமானத்தைப் பற்றி நூறு வருடப் புள்ளிவிவரத் தொடர் ஒன்று இருக்கிறது. 1922-ன் வருமான வரிச் சட்டத்தில் தொடங்குகிறது அது. லூக்கா ஷான்செல், தோமா பிக்கெட்டி, அவர்களுடைய சகாக்கள் கணக்குப்படி, நாட்டின் மொத்த வருமானத்தில் மேல் 1 சதவீதத்தினரின் பங்கு 1930-களின் இறுதியில் 21 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் 6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022-23-ல் 22.6 சதவீதம். வரி கட்டுவோர் மிகச் சிலரே என்பதால் நடுவில் இருப்பவர்களின் வருமானத்தைக் கணிப்பதில் பெரும் சர்ச்சை இருக்கிறது. இறங்கி ஏறிய வடிவத்தைப் பற்றி அவ்வளவு சர்ச்சை இல்லை.

அப்பாவின் வருமானத்தை மகனுடைய வருமானத்தோடு இணைக்கும் வரித் தரவு மட்டும் நம்மிடம் இல்லை. ஆகவே இங்கே ஆய்வாளர்கள் படிப்பையும் தொழிலையும் வைத்து அளக்கிறார்கள். அதிலும் ஒரு பெரிய ஓட்டை. பெரும்பாலான கணக்கெடுப்புகள் வீட்டில் அன்று இருப்பவர்களைத்தான் எழுதிக்கொள்ளும். துபாய்க்குப் போன மகன், சென்னையில் குடித்தனம் நடத்தும் மகன், கட்டிக்கொடுத்த மகள் யாரும் பட்டியலில் வரமாட்டார்கள். அப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பிள்ளைகளை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளந்தால் என்ன கிடைக்கும்? ஊரைவிட்டுப் போனதே முன்னேற்றமாக இருந்தவர்கள் அதில் இல்லை.

சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் மூவரும் இந்தச் சிக்கல்களோடு போராடி ஒரு வழி கண்டார்கள். பழைய தலைமுறை அப்பாக்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடமே சரியாகப் பார்க்காதவர்கள் என்பதால், அவர்களுக்குள் வரிசைப்படுத்த முடியாது. அதனால் படிப்பில் கீழ்ப்பாதியில் இருந்த பெற்றோரின் பிள்ளைகள், நூறு பேர் வரிசையில் எந்த இடத்துக்கு வருகிறார்கள் என்று கேட்டார்கள். பிறப்பு எதையும் தீர்மானிக்கவில்லை என்றால் விடை 50. அசைவே இல்லை என்றால் 25. இந்தியா முழுமைக்கும் இந்த அளவு தாராளமயத்துக்கு முன்பிருந்தே தாழ்வாக, ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டு எதிர்த் திசைகள் தெரிகின்றன. மகன்கள் மத்தியில் பட்டியல் சாதியினரின் ஏற்றம் கூடியிருக்கிறது, அதில் இடஒதுக்கீட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதற்கு ஆதாரம் கொடுக்கிறார்கள். இஸ்லாமியரின் ஏற்றம் குறைந்திருக்கிறது. மகள்களின் ஏற்றம் மகன்களைவிடக் குறைவு.

மகள்களைப் பற்றிய இன்னொரு ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மும்பையின் தாதர் பகுதிப் பள்ளிகளில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 20 வருடச் சேர்க்கையை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டது. 1990-களில் ஆங்கிலம் படித்தவர்களின் சம்பளம் வேகமாக ஏறியது. அப்போதும், ஆண்கள் ஆலை வேலையும் கைத்தொழிலுமாக இருந்த சாதிகளில் மகன்களை மராத்தி வழியிலேயே சேர்த்தார்கள். காரணம் அறியாமை அல்ல. அண்ணன், சித்தப்பா, ஊர்க்காரர் என்று கைபிடித்து வேலையில் சேர்த்துவிடும் பின்னல் அவர்களுக்கு இருந்தது, அந்த வேலைக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய அதே பின்னல், காலம் மாறியபோது பையன்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

அந்தப் பின்னலில் பெண்களுக்கு எப்போதுமே இடம் கிடையாது. அதனால் அதே வீட்டு மகள்கள் ஆங்கில வழிக்குப் போனார்கள், மேல்சாதிப் பெண்களின் சேர்க்கையை எட்டிப்பிடித்தார்கள். 1980-களிலும் 90-களிலும் பள்ளியில் சேர்ந்தவர்களில் பலர் இன்று தாய்மார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று நாளை அளக்கப் போகிறவர்கள், படிவத்தில் அப்பாவின் படிப்பு, அப்பாவின் தொழில் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் இரண்டு கட்டங்கள் போட வேண்டியிருக்கும்.